மெதுநடை நாவலும் முடிக்கப்படாத வாசிப்பும்: ஒரு திறனாய்வு நோக்கு

1. முன்னுரை

நெடிய நாவலொன்றை ஆர்வத்தோடு தொடங்கி, நூறு பக்கங்களைக் கடந்ததும் அடையாளத் தாளைச் செருகி வைத்து, பிறகு அதைத் திறவாமலே விட்டுவிடுவது வாசகரிடையே பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். ஆயினும், நாவல் திறனாய்வில் இவ்வழக்கம் ஓர் ஆய்வுப் பொருளாகக் கருதப்படுவது அரிது. நாவலின் கரு, பாத்திரப்படைப்பு, நோக்குநிலை, மொழிநடை ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதும் நாம், அந்நாவல் எத்துணை பேரால் முடிக்கப்படாமல் விடப்படுகிறது, ஏன் விடப்படுகிறது என்னும் வினாவை எழுப்புவதில்லை.

இவ்வினாவுக்கு எளிதாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. முதலாவது, வாசகருக்குப் பொறுமையில்லை என்பது. இரண்டாவது, நாவலாசிரியருக்குச் சுவைபடச் சொல்லும் ஆற்றலில்லை என்பது. இவ்விரண்டும் சிற்சில இடங்களில் உண்மையாகலாம். ஆனால், இவ்விரண்டினாலும் விளக்க முடியாத நாவல்கள் பல உள்ளன. அவை தேர்ந்த படைப்புகள் என்பதில் ஐயமில்லை; அவற்றை இடையில் விட்டவர்களும் தேர்ந்த வாசகர்களே. இத்தகைய நாவல்கள் வாசகரிடம் எதனை எதிர்பார்க்கின்றன, நம் வாசிப்புப் பழக்கம் அவற்றிடம் எதனை எதிர்பார்க்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்நாவல்களை வகுப்பறையில் கற்பிக்கும் பொறுப்பு நம்மிடம் இருப்பதால், இது வெறும் சுவைபற்றிய பிரச்சினையன்று. கற்பித்தலின் நேர்மைபற்றிய பிரச்சினையுமாகும்.

2. நீளம் தடையன்று

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாவலின் நீளம் வாசகரைத் தடுப்பதில்லை. இதற்குத் தமிழிலேயே மறுக்கவியலாத சான்று உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950இல் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954இல் நிறைவுற்றது. ஐந்து பாகங்களும் 290க்கு மேற்பட்ட அத்தியாயங்களும் கொண்ட அந்நாவலைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வாசகர்கள் முடித்திருக்கின்றனர். பலர் மீண்டும் மீண்டும் முடித்திருக்கின்றனர். நீளமே தடையாயின் முதலில் கைவிடப்பட்டிருக்க வேண்டியது அதுவே.

'பொன்னியின் செல்வன்' வாசகரை இழுத்துச் செல்வது 'அடுத்து என்ன?' என்னும் ஆவலால். வாரந்தோறும் வெளிவரும் தொடர்கதைக்கு இது இன்றியமையாத உத்தி. ஓர் அத்தியாயம் ஒரு கதவு திறக்கும் ஓசையோடோ, ஒரு முகம் தெரியும் கணத்தோடோ முடிந்தால்தான் வாசகர் அடுத்த வாரம் இதழைக் கையிலெடுப்பார். நூற்றாண்டுக்கும் மேலாக இதழ்களில் வளர்ந்த தமிழ் நாவல், தன் வாசகரை இந்த ஆவலுக்கே பழக்கியிருக்கிறது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையும் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளை அண்டியே வளர்ந்தது என்பதை நாம் அறிவோம். ஆகவே, இங்குள்ள வாசகரின் பழக்கமும் பெரிதும் வேறுபட்டதன்று.

ஆனால், தமிழ் மரபு மெதுநடையை அறியாத மரபா எனில், இல்லை. கம்பராமாயணத்தில் இராமன் பிறப்பதற்கு முன்னர் ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம், அரசியற்படலம் என நான்கு படலங்கள் விரிகின்றன. பெருங்காப்பியத்திற்கு இலக்கணம் கூறும் தண்டியலங்காரம் மலை, கடல், நாடு, நகர், பருவம் முதலியவற்றின் வருணனையைக் காப்பியத்தின் உறுப்புகளாகவே வகுக்கிறது. இவற்றைக் கேட்டவர்கள் சலிப்படையாததற்குக் காரணம் வெளிப்படை. இராமன் கதை அவர்கள் அறிந்த கதை. அடுத்து என்ன நிகழும் என்பதற்காக அவர்கள் வந்து அமரவில்லை. நிகழவிருப்பது எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதற்காக வந்து அமர்ந்தனர். மேலும், அவர்கள் தனித்திருந்து படிக்கவில்லை. அவையில் கூடியிருந்து கேட்டனர். இசையரங்கில் ஆலாபனையை அவசரமின்றிக் கேட்பவர், அடுத்து வரும் சுரம் எந்த இராகத்துக்குரியது என்று அறிந்தே கேட்கிறார்.

நாவல் இவ்விரு துணைகளையும் நீக்கிவிட்டது. அது புதுக்கதையைச் சொல்வதாக வாக்களிக்கிறது. ஆகவே ஆவலைத் தூண்டுகிறது. தனிமையில் படிக்கப்படுகிறது, ஆகவே சலிப்பைப் பகிர்ந்துகொள்ள எவருமில்லை. இந்நிலையில் ஒரு நாவலாசிரியர் காப்பியத்தின் நடையை மேற்கொள்வாராயின், ஆவலோடு வந்த வாசகர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார். முடிக்கப்படாத வாசிப்பின் வேர் இங்கேதான் உள்ளது.

3. மெதுநடையின் மூன்று வகைகள்

மெதுநடை நாவல்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. அவை மெதுவாக நடப்பதற்கான காரணங்கள் வேறுபடுகின்றன. இங்கு மூன்று நாவல்களைச் சான்றுகளாகக் கொள்வோம்.

3.1 வாழ்வின் அடர்த்தி: 'தலைமுறைகள்'

நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வெளிவந்தது. இரணியலைக் களமாகக் கொண்டு, அங்கு வாழும் செட்டியார் சமூகத்தினரின் வாழ்வை அவர்தம் பேச்சுமொழியிலேயே சொல்லும் நாவல் இது. இதன் கதையைச் சில வரிகளில் கூறிவிடலாம். திரவி என்னும் இளைஞனின் உடன்பிறந்தவள், பெண்மைக் குறையுடையவள் என்று கணவனால் பழி சுமத்தப்பட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அவளுக்கு மறுவாழ்வு தேடித்தரத் திரவி முயல்கிறான். சமூகத்தின் கட்டுப்பாடு குறுக்கே நிற்கிறது.

இச்சில வரிக் கதைக்கு நாவலாசிரியர் நூற்றுக்கணக்கான பக்கங்களை எடுத்துக்கொள்கிறார். சடங்குகள், விழாக்கள், உறவு முறைகள், உணவு வகைகள், வீட்டின் அமைப்பு, உண்ணாமலை ஆச்சி சொல்லும் பழங்கதைகள் என நாவல் நின்று நின்று நகர்கிறது. இரணியல் வட்டாரச் சொற்களை அறியாத மலேசிய வாசகர், தெரியாத ஊரில் தெரியாத உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போய் அமர்ந்தவர் போலாகிறார். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் விளங்குவதில்லை, எவரும் விளக்குவதுமில்லை. பலர் இப்பகுதியிலேயே நாவலை மூடிவிடுகின்றனர்.

ஆனால், இப்பக்கங்களை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் எண்ணிப்பார்ப்போமானால், திரவியின் செயல் ஒரு சீர்திருத்த இளைஞனின் வழக்கமான செயலாகச் சுருங்கிவிடும். மூடப்பழக்கத்தை எதிர்க்கும் நல்லவன், அதைப் பற்றி நிற்கும் தீயவர் என்னும் எளிய பிரிவினையே எஞ்சும். 'தலைமுறைகள்' அத்தகைய நாவலன்று. சடங்குகளின் நடுவே நெடுநேரம் இருந்த வாசகர், அவற்றின் அழகையும் ஆறுதலையும் அறிந்துகொள்கிறார். ஆச்சியின் குரலுக்குப் பழகிவிடுகிறார். பிறகு அதே சமூகம் ஒரு பெண்ணை நசுக்கும்போது, அதை வெளியிலிருந்து கண்டிக்க அவரால் இயலுவதில்லை. உள்ளே இருந்துகொண்டே வருந்துகிறார். திரவி எதிர்த்து நிற்பது ஒரு கொடுமையை மட்டுமன்று, தன்னை வளர்த்த மடியையும் என்பது அவருக்கு விளங்குகிறது. சமூகத்தின் எடையைச் சொல்லிக் காட்ட முடியாது. வாசகரின் தோளில் ஏற்றித்தான் காட்ட முடியும். முற்பகுதியின் மெதுநடை ஏற்றிவைப்பது இந்த எடையையே.

3.2 காலமே பொருளாதல்: 'மந்திர மலை'

ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன் 1924இல் வெளியிட்ட 'மந்திர மலை' உலக இலக்கியத்தில் மெதுநடைக்குப் பெயர்பெற்ற நாவலாகும். 1927இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக அது பரவலாக அறியப்பட்டது. சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரிலுள்ள காசநோய் மருத்துவமனையில் இருக்கும் உறவினனைப் பார்க்க, ஹம்பர்க் நகரத்து இளைஞன் ஹான்ஸ் காஸ்டோர்ப் மூன்று வாரங்களுக்கு வருகிறான், ஏழாண்டுகள் தங்கிவிடுகிறான். வெப்பமானியை வாயில் வைப்பதும், போர்வைக்குள் சாய்ந்து கிடப்பதும், ஒரு நாளைக்கு ஐந்து முறை உண்பதும், பேசுவதுமே அங்கு நிகழும் நிகழ்ச்சிகள்.

இந்நாவலின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. மொத்தமுள்ள ஏழு இயல்களில் முதல் நான்கு, அவன் இளமைக்கால வரலாற்றோடு அந்த முதல் மூன்று வாரங்களையே சொல்கின்றன. ஐந்தாம் இயலின் முடிவில் ஏழு மாதங்கள் கழிந்துள்ளன. எஞ்சிய ஆறாண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் இறுதி இரண்டு இயல்களுக்குள் அடங்கிவிடுகிறது. புதிய இடத்தில் முதல் நாள்கள் நீண்டு தோன்றும். பழகியபின் ஆண்டுகள் ஓசையின்றி நழுவும். ஒரே மாதிரியான நாள்கள் கழியும்போது நீளமாகவும் நினைவில் குறுகியும் விடுகின்றன என்னும் கருத்தை நாவலே ஒரு தனிப்பகுதியில் ஆராய்கிறது. அக்கருத்தை வாசகர் படித்து மட்டும் அறிவதில்லை. தம் வாசிப்பிலேயே உணர்கிறார். தொடக்கத்தில் பக்கங்களை எண்ணியவர், பிற்பகுதியில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்று தடுமாறுகிறார். காஸ்டோர்ப்பும் தன் வயது எத்தனை என்பதை மறந்துபோகிறான். இறுதியில் முதல் உலகப்போர் வெடித்து அவனை மலையிலிருந்து கீழே வீசும்போது, அவ்வதிர்ச்சி வாசகருக்கும் நேர்கிறது.

தாமஸ் மன் 1939இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசியபோது, இந்நாவலை இருமுறை படிக்குமாறு கேட்டுக்கொண்டார். ஒருமுறை முடிப்பதே அரிதான நூலை இருமுறை படிக்கச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். எனினும் அவ்வேண்டுகோளில் ஒரு நியாயம் உண்டு. இரண்டாம் முறை படிப்பவர் கதையை அறிந்தவர். காப்பியம் கேட்ட அவையினரின் நிலைக்கு அவர் வந்துவிடுகிறார். ஆவலின் நெருக்கடியிலிருந்து விடுபட்டவராகிறார்.

3.3 சிந்தனையின் நடை: 'விஷ்ணுபுரம்'

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் நாவல். ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என மூன்று பகுதிகளைக் கொண்டது. இவற்றுள் காலவரிசைப்படி முதலில் நிகழ்வது இரண்டாம் பகுதியே. முதற்பகுதியில் ஏராளமான பாத்திரங்கள் திருவிழாக் கூட்டம்போல் வந்து குவிகின்றனர். எவர் முதன்மையானவர் என்பது தெளிவாவதில்லை. இரண்டாம் பகுதி ஞானசபையில் நிகழும் நெடிய தத்துவ விவாதத்தை மையமாகக் கொண்டது. நாவலை விட்டவர்களுள் பலர் நின்ற இடங்களும் இவையே எனலாம்: ஒன்று, கூட்டத்தில் திசை தெரியாத தொடக்கம், மற்றொன்று, தருக்கத்தில் மூச்சுத்திணறும் நடுப்பகுதி.

இங்கு மெதுநடைக்குக் காரணம் சடங்கோ, காலமோ அன்று. ஓர் எண்ணம் மறு எண்ணத்தால் மறுக்கப்பட்டு முதிர்வதற்கு வேண்டிய இடமே. விவாதத்தைச் சுருக்கினால் யார் வென்றார் என்பது மட்டும் மிஞ்சும். அந்த வெற்றி பிற்காலத்தில் என்னவாக மாறியது என்பதை முதற்பகுதியிலேயே காட்டிவிட்ட நாவலுக்கு, வென்றவர் யார் என்பது முதன்மையானதன்று. உயிரோடிருந்த ஒரு சிந்தனை எவ்வாறு சடங்காக உறைந்தது என்பதே அதன் வினா. மூன்றாம் பகுதியில் அந்நகரம் அழியும்போது, அழிவது எது என்பதை அறிய நடுப்பகுதியின் சுமை தேவைப்படுகிறது.

4. மெதுநடையும் தொய்வும்

மேற்கூறியவற்றைக் கொண்டு மெதுவாக நடக்கும் நாவல்கள் அனைத்தும் உயர்ந்தவை என்று முடிவுகட்டுதல் தவறாகும். தொய்வு வேறு, மெதுநடை வேறு. தொடர்கதையாக வந்தபோது சென்ற வாரக் கதையை நினைவூட்டச் சேர்த்த பத்திகளை நூலாக்கும்போதும் நீக்காமல் விடுவது தொய்வு. பாத்திரம் செயலால் உணர்த்திய ஒன்றை நாவலாசிரியர் மீண்டும் தம் கூற்றாக விளக்குவது தொய்வு. ஆய்வுக் குறிப்புகளைக் கதையில் கரைக்காமல் கொட்டிவைப்பதும் தொய்வே. இசையில் விளம்ப காலம் என்பது தாளம் தளர்ந்த நிலையன்று. சொல்லப்போனால், தாளக்கட்டு மிகுதியாக வேண்டப்படுவது அங்கேதான்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோலை முன்வைக்கலாம். முற்பகுதி சேமித்துவைத்ததைப் பிற்பகுதி செலவிடுகிறதா என்பதே அது. 'தலைமுறைகள்' சடங்குகளில் சேமித்த பற்றினை, அப்பற்று அறுபடும் வேதனையாகச் செலவிடுகிறது. 'மந்திர மலை' முதல் வாரங்களில் சேமித்த நீண்ட காலத்தை, நழுவும் ஆண்டுகளாகச் செலவிடுகிறது. சேமித்தது எங்கும் செலவாகாமல் கிடக்குமாயின், அந்நாவல் நீண்டிருப்பதற்கு நியாயமில்லை. அதை விட்ட வாசகரைக் குறைகூறவும் இயலாது.

இவ்வளவுகோலில் ஒரு கடுமையான நிபந்தனை அடங்கியிருக்கிறது. பிற்பகுதியைப் படிக்காதவரால் இதைப் பயன்படுத்த முடியாது. எழுபதாம் பக்கத்தில் நின்றவர் தமக்குச் சலிப்பு ஏற்பட்டது என்று கூறலாம். அது உண்மையான கூற்று. நாவல் தொய்வுடையது என்று கூற அவருக்குச் சான்றில்லை. அதேபோல, நாவல் மகத்தானது என்று கூறவும் அவருக்குச் சான்றில்லை. இரண்டாவது தவறு முதலாவதைவிடக் குறைவாகவே கண்டிக்கப்படுகிறது என்பது வியப்புக்குரியது.

5. வகுப்பறையும் கதைச்சுருக்கமும்

இனி நம் துறைக்கு வருவோம். நாவல் குறித்த ஆய்வேடுகளும் பாடக்குறிப்புகளும் பெரும்பாலும் ஒரே சட்டகத்தில் அமைகின்றன: ஆசிரியர் வரலாறு, கதைச்சுருக்கம், பாத்திரப்படைப்பு, உத்திகள், சமுதாயச் சிந்தனைகள். இத்தலைப்புகளுள் எதிலும் நாவலின் நடைவேகத்திற்கு இடமில்லை. அதைவிட முக்கியமானது, இத்தலைப்புகள் அனைத்தையும் நாவலை முடிக்காமலே நிரப்பிவிடலாம் என்பதாகும். ஒரு சுருக்கமும் ஓர் அணிந்துரையும் கைவசமிருந்தால் போதும். தேர்வு வினாக்களும் அவ்வாறே அமைவதால், முழுமையாகப் படித்த மாணவருக்கும் சுருக்கத்தைப் படித்த மாணவருக்கும் கிடைக்கும் மதிப்பெண்ணில் வேறுபாடு தோன்றுவதில்லை. சுருக்கத்தைப் படித்தவர் தெளிவாக எழுதிவிடுவதும் உண்டு. படிக்காமையை நாம் கண்டிக்கிறோம்; ஆனால் நம் வினாத்தாள்கள் அதற்குப் பரிசளிக்கின்றன.

மெதுநடை நாவலே இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. விரைவுநடை நாவலின் சாரத்தில் ஒரு பகுதியையேனும் சுருக்கம் தாங்கிவரும். மெதுநடை நாவலில் சுருக்கம் கைவிடுவதுதான் நாவல்.

இந்நிலையை மாற்றச் சில நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம். முதலாவது, ஒரு பருவத்தில் ஐந்தாறு நாவல்களைச் சுருக்கத்தின் வழி அறிமுகப்படுத்துவதைவிட ஒரே நாவலை முழுமையாகப் படிப்பித்தல். பதினான்கு வாரங்களில் வாரத்திற்கு முப்பது பக்கம் என வகுத்துக்கொண்டால் நானூறு பக்க நாவலை நெருக்கடியின்றி முடிக்கலாம். வாரந்தோறும் கூடிப் பேசுவதால் தனிமையின் சலிப்பும் குறையும். காப்பியம் கேட்ட அவையின் சாயல் வகுப்பறைக்கு ஓரளவு வந்துசேரும்.

இரண்டாவது, நடைவேகத்தையே பாடமாக்குதல். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெத் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கதையில் கழியும் காலத்திற்கும் அதைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் உரையின் அளவிற்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்தார். மாணவர் ஒவ்வோர் அத்தியாயத்திற்கும் எத்தனை பக்கம், அதற்குள் எத்தனை நாள் என்று குறித்துவரச் செய்யலாம். நாவலாசிரியர் எங்கே நிற்கிறார், எங்கே தாவுகிறார் என்பது கண்முன் தெரியும். நிற்குமிடத்தில் ஏன் நின்றார் என்னும் வினா தானே எழும். சலிப்பு ஆராய்ச்சியாக மாறும் இடம் அது.

மூன்றாவது, வட்டாரப் பேச்சுமொழியில் அமைந்த பகுதிகளை உரக்கப் படித்தல். கண்ணுக்குக் கரடுமுரடாகத் தோன்றும் தொடர்கள் காதுக்கு எளிதாகிவிடும். தோட்டப்புற வாழ்வை அதன் பேச்சுமொழியோடு சொல்லும் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' (2006) போன்ற நம் நாட்டு நாவலிலிருந்து இப்பயிற்சியைத் தொடங்கலாம். பெரட்டுக்களமும் பால்வாளியும் இன்றைய நகர்ப்புற மாணவருக்கு இரணியலின் சடங்குகளைப் போலவே அயலானவை. ஆயினும், அவர்தம் பாட்டியின் குரல் அவற்றில் ஒலிக்கக்கூடும்.

நான்காவது, சுருக்கத்தால் விடையளிக்க முடியாத வினாக்களை அமைத்தல். 'தலைமுறைகள் உணர்த்தும் சமுதாயச் சிந்தனைகள் யாவை?' என்று கேட்பதற்கு மாறாக, 'நாவலின் முற்பகுதியில் விரிவாக வருணிக்கப்படும் சடங்கொன்றைத் தேர்ந்தெடுத்து, அவ்வருணனை இல்லாதிருப்பின் பிற்பகுதியில் எக்காட்சி வலுவிழக்கும் என்பதை விளக்குக' என்று கேட்கலாம். இவ்வினாவுக்கு மனனம் செய்த விடை இல்லை. நாவலில் ஒரு பகுதி வீணானது என்று கருதும் மாணவரும் அதைக் காரணத்தோடு எழுத இடமுண்டு. அவ்வாறு எழுதுபவர் முழுமையாகப் படித்தவராகவே இருப்பார்.

6. முடிவுரை

பொதுவாசகர் எந்த நாவலையும் எந்தப் பக்கத்திலும் மூடிவைக்கலாம். அது அவர் உரிமை. அதற்காக அவர் நாணவேண்டியதில்லை. வாழ்நாள் குறுகியது; நூல்கள் பல. முப்பது வயதில் நகர மறுத்த நாவல் ஐம்பது வயதில் தானே திறந்துகொள்வதும் உண்டு. கற்பிப்பவருக்கும் திறனாய்வாளருக்கும் ஆய்வு மாணவருக்கும் அவ்வுரிமை இல்லை. முடிக்காத நாவலைப் பற்றி மௌனமாக இருக்கலாம்; தீர்ப்புக் கூறுதல் ஆகாது.

மெதுநடை நாவல் நம் ஆவலைச் சற்றே ஒதுக்கிவைக்கச் சொல்கிறது. அதற்கு மாறாக நினைவைக் கேட்கிறது. முந்நூறாம் பக்கத்தில் நிற்கும்போது முப்பதாம் பக்கம் நினைவில் இருந்தால்தான் அது பேசும். அந்நினைவு சுருக்கத்தைப் படிப்பதால் வருவதில்லை. உடனிருந்து கழித்த பொழுதினால் மட்டுமே வருகிறது. அப்பொழுதை மாணவருக்கு ஒதுக்கிக் கொடுக்கும் வகையில் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் அமைப்பது நம் கையில்தான் இருக்கிறது.